கண்ணுக்குத் தெரியாத வரிசை

இவ்வாரச் சிந்தனைக்கு: 1 கொரிந்தியர் 11:17-34



விமான நிலையமொன்றின் புறப்பாட்டு மண்டபத்திலே அமர்ந்திருப்பவர்களை உற்று நோக்கினால், அவர்களுள் பெரும்பாலானோர் ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருப்பதைக் காணலாம். கையிலே தொலைபேசி, அதன் திரையிலே முடிவின்றிச் சுழன்றுகொண்டிருக்கும் ஒரு சிறு வட்டம். இலவச வைஃபை உண்டு என்று சுவரிலே பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. ஆனால் அனுப்பிய செய்தி போய்ச் சேரவில்லை. திறந்த படம் பாதியிலே நிற்கின்றது. பேசினால் குரல் அறுந்து அறுந்து கேட்கின்றது. சிலர் எழுந்து இடம் மாறி அமர்கின்றனர். சிலர் தொலைபேசியை அணைத்து மீண்டும் இயக்கிப் பார்க்கின்றனர். இத்தனை செலவிட்டுக் கட்டிய நிலையத்தில் இணையம் மாத்திரம் ஏன் இப்படி ஊர்ந்து செல்கின்றது என்று பலர் முணுமுணுக்கின்றனர்.

இஃது ஒரு சிறிய தொல்லைதானே, ஞாயிறு தினச் சிந்தனைக்கு இதிலே என்ன இருக்கின்றது என்று கேட்கத் தோன்றும். அந்த மண்டபத்திலே அமர்ந்திருப்பவர்கள் யார் என்று பார்த்தால் இக்கேள்வி எழாது. இலங்கையிலிருந்து தொழிலுக்காக வெளிநாடு சென்றோரின் தொகை 2022ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் தனித்தனியே 3 இலட்சத்தைத் தாண்டியது. மலையகத் தோட்டங்களிலிருந்தும், மன்னார், யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பகுதிகளிலிருந்தும் புறப்பட்ட நம் சகோதர சகோதரிகளும் அவர்களுள் அடங்குவர். முதன்முறையாக விமானமேறி, டோஹாவிலோ டுபாயிலோ அடுத்த விமானத்துக்காகக் காத்திருக்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். ரோமிங் வசதிக்குப் பணம் செலுத்த அவரால் இயலாது. ஆகவே அவரது இலங்கை சிம் அங்கே ஓய்ந்துவிட்டது. வீட்டோடு அவரை இணைப்பதற்கு எஞ்சியிருப்பது அந்த இலவச வைஃபை ஒன்றே. இவ்வளவு தூரம் சுகமாக வந்துவிட்டேன், பிள்ளைகளைச் சாப்பிடவைத்துப் படுக்க வையுங்கள் என்ற ஒரு செய்தியை அனுப்பவே அவர் துடிக்கின்றார். நமக்குத் தொல்லையாக இருக்கும் தாமதம் அவருக்கு வேதனையாகின்றது.

ஆகவே இந்த மந்தமான இணையத்தைப் பற்றிச் சற்று நிதானமாகச் சிந்திப்பது பொருத்தமானதே. பலர் பகிர்ந்துகொள்ளும் ஒரு பொருளை, நமக்குப் பின்னால் நிற்பவரை நினைந்து நாம் பயன்படுத்துகின்றோமா என்பதே இங்கு எழுகின்ற கேள்வி. இது முற்றிலும் நற்செய்தியைச் சார்ந்த கேள்வியாகும்.

ஏன் மந்தமாகின்றது?

கம்பியில்லா இணையம் வானலைகளின் வழியே இயங்குகின்றது. மண்டபத்தின் கூரையிலே பொருத்தப்பட்டிருக்கும் சிறிய பெட்டியொன்று, தன்னைச் சூழவுள்ள பல பத்துத் தொலைபேசிகளோடும் மடிக்கணினிகளோடும் பேசுகின்றது. பொதுவாக ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேச முடியும். இரண்டு கருவிகள் ஒரே வேளையிற் பேசினால் இரண்டின் பேச்சும் கலைந்து, எவருக்கும் விளங்காமற் போய்விடும். அதனால் ஒவ்வொரு கருவியும் முதலில் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்று இத்தொழில்நுட்பத்தை அமைத்தவர்கள் விதி வகுத்தனர். வானலை அமைதியாக இருந்தால், மேலும் ஒரு சிறு கணம் பொறுத்திருந்து பேசலாம். வேறொன்று பேசிக்கொண்டிருந்தால் அது முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பேசியது போய்ச் சேரவில்லையானால், முன்னையிலும் நீண்ட நேரம் பொறுத்துப் பின்னர் மீண்டும் முயல வேண்டும்.

இவ்வெண்ணத்தின் வேர் 1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய ஒரு வானொலிவழிக் கணினி வலையமைப்பில் இருக்கின்றது. கடலால் பிரிக்கப்பட்ட தீவுகளிலிருந்தோர் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்து ஒரு பொதுக் கணினியைப் பயன்படுத்துவதற்காக அது அமைக்கப்பட்டது. பேசுமுன் கேட்டல் என்ற ஒழுங்கு பின்னர் வந்து சேர்ந்தது. நாம் இன்று வைஃபை என்றழைக்கும் முறைக்கான முதலாவது தொழில்நுட்ப நியமம் 1997இல் வெளியானது. கேட்பதில் விரைவும் பேசுவதில் தாமதமும் வேண்டும் என்று யாக்கோபு தமது திருமுகத்தில் (1:19) மனிதருக்குக் கூறிய அறிவுரையை, நம் கைத்தொலைபேசிகள் ஒவ்வொரு நொடியும் பல தடவைகள் கடைப்பிடித்துக்கொண்டிருக்கின்றன.

வீட்டிலே நான்கு கருவிகள் இருக்கும்போது இந்தக் காத்திருப்பு நமக்குத் தெரிவதில்லை. விமான நிலையத்திலோ நிலைமை வேறு. டுபாய் விமான நிலையத்தை மட்டும் 2024ஆம் ஆண்டில் 9 கோடியே 20 இலட்சத்துக்கும் அதிகமான பயணிகள் பயன்படுத்தினர். அத்தகைய இடங்களில் ஒருவரிடமே தொலைபேசி, மடிக்கணினி, கைக்கடிகாரம் என்று இரண்டு மூன்று கருவிகள் இருக்கின்றன. பழைய கருவிகள் பயன்படுத்தும் அலைப்பட்டையில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் மூன்றே உள்ளன. அவற்றையே கடைகளும், உணவகங்களும், பயணிகள் தாமே திறந்துவைக்கும் ஹொட்ஸ்பொட்டுகளும் பயன்படுத்துகின்றன. மனித உடலிலே பெரும்பகுதி நீராகையால் நெருங்கி அமர்ந்திருக்கும் கூட்டமே அலைகளை மட்டுப்படுத்துகின்றது. நிலையத்திலிருந்து வெளியே செல்லும் இணைப்பின் அளவும், ஒவ்வொருவருக்கும் இவ்வளவுதான் என்று நிர்வாகம் இடும் எல்லையும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன.

இங்கே கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. நாம் தொலைபேசியைத் தொடாமல் மடியிலே வைத்திருக்கும்போதும் அது சும்மா இருப்பதில்லை. வைஃபை கிடைத்தவுடன், பயணத்தில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்புகின்றது. செயலிகளின் புதிய பதிப்புகளை இறக்குகின்றது. எமக்குத் தெரியாமலே நாம் வரிசையின் முன்னால் நின்றுகொண்டிருக்கின்றோம். பின்னால் நிற்பவர் யார் என்பதும் நமக்குத் தெரிவதில்லை.

தெரிந்த வரிசையும் தெரியாத வரிசையும்

முன்னைய தலைமுறையினர் தொடர்புக்காகக் காத்திருந்த விதத்தை நம் குடும்பங்கள் மறந்திருக்க முடியாது. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாடு தொலைபேசித் தொடர்பு இழந்திருந்த ஆண்டுகளிலே, வெளிநாட்டிலிருந்த மகனுடைய குரலைக் கேட்பதற்காகவே கொழும்புக்கு வந்து விடுதியில் தங்கிய தாய்மார் உண்டு. வன்னியிலும் குடாநாட்டிலும் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் செய்திப் படிவங்கள் மூலம் உறவுகளின் நலம் அறிந்தவர்கள் உண்டு. கொழும்பின் கொமியூனிகேஷன் கடைகளிலே, சுவர்க் கடிகாரத்தையும் கட்டணப் பலகையையும் மாறி மாறிப் பார்த்தபடி, தம் முறை வரும்வரை நின்றவர்கள் இன்றும் நம் பங்குகளில் இருக்கின்றார்கள்.

அக்காலம் இனிமையானதென்று எவரும் சொல்ல மாட்டார்கள். துன்பத்தின் காலம் அது. எனினும் அந்த வரிசைக்கு ஒரு குணம் இருந்தது: அது கண்ணுக்குத் தெரிந்தது. பின்னால் நிற்பவருடைய முகம் தெரிந்தது. கையிலே குழந்தையோடு நிற்பவரும், மரணச் செய்தியைச் சொல்ல வந்து கண்கலங்கி நிற்பவரும் தெரிந்தனர். "நீங்கள் முதலில் பேசுங்கோ அக்கா" என்று ஒருவர் ஒதுங்கி வழிவிடுவதற்கு அந்தக் காட்சியே போதுமானதாயிருந்தது.

இன்று வரிசை இல்லாமற் போய்விடவில்லை. அது கூரையிலுள்ள பெட்டிக்குள்ளே சென்று மறைந்துவிட்டது. திரைப்படமொன்றை இறக்கிக்கொண்டிருக்கும் இளைஞனும், பிள்ளைகளுக்கு ஒரு வரி அனுப்பத் துடிக்கும் தாயும் அருகருகே இருந்தாலும், தாம் ஒரே வரிசையில் நிற்பதை இருவருமே அறியார். இளைஞன் தீயவன் அல்லன். தாயைக் கண்டிருந்தால் அவன் வழிவிட்டிருப்பான். நம் காலத்தின் பல அநீதிகள் இவ்வாறே நிகழ்கின்றன. கொடுமை செய்யும் எண்ணம் எவரிடமும் இருப்பதில்லை. அடுத்தவருடைய முகம் மறைந்துபோவதே போதுமானதாகிவிடுகின்றது. குழாய்நீரை வீணாக்குபவருக்குத் தாழ்நிலத்துக் கடைசி வீட்டின் வெறுங்குடம் தெரிவதில்லை. வைஃபையும் அத்தகையதே.

கொரிந்து நகரத்தின் பந்தி

புனித பவுல் நம்பிக்கைச் சமூகமொன்றை உருவாக்கிய கொரிந்து, ஒரு பயணிகளின் நகரம். கிழக்கே கெங்கிரேயா, மேற்கே இலெக்கேயோன் என்று இரு துறைமுகங்களுக்கு இடையே அது அமைந்திருந்தது. வணிகரும், மாலுமிகளும், கூலியாட்களும் வந்துபோகும் சந்தி அது. இன்றைய டுபாயைப் போலவோ டோஹாவைப் போலவோ என்று கூறினால் மிகையாகாது. பவுல் அங்கே ஒன்றரை ஆண்டு தங்கினார் என்று திருத்தூதர் பணிகள் நூல் (18:11) கூறுகின்றது.

பின்னர் எபேசு நகரில் இருந்தபோது, கொரிந்தியர் ஒன்றுகூடும் முறையைப் பற்றி அவர் மனம் நொந்து எழுதினார். ஆண்டவரின் திருவிருந்துக்கென்று கூடியவர்களுள் வசதி படைத்தோர் முன்னரே வந்து, தாம் கொண்டுவந்ததைத் தாமே உண்டு முடித்தனர். பிந்தி வந்த ஏழைகள் பசியோடு இருந்தனர். அக்காலத்துச் செல்வர் வீடுகளின் உணவறையிலே ஒரு சிலரே சாய்ந்து அமர இடமிருந்தது என்றும், ஏனையோர் வெளி முற்றத்தில் இருந்திருக்கக்கூடும் என்றும் டொமினிக்கன் சபையைச் சேர்ந்த விவிலிய அறிஞர் ஜெரோம் மர்பி-ஓ'கொனர் விளக்கியிருக்கின்றார். ஒரே கூரையின் கீழ் உள்ளே சிலருக்கு நிறைவு, வெளியே பலருக்குக் குறைவு. கட்டணம் செலுத்தியோருக்கான சொகுசு ஓய்வறையையும், வாயிலருகே நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் பொது மண்டபத்தையும் ஒருங்கே வைத்திருக்கும் விமான நிலையங்கள் இக்காட்சியை நினைவூட்டுகின்றன.

பவுல் இதற்குச் சொன்ன மருந்து மிக எளியது. ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும் என்றார் (11:33). உண்பதற்கு அவர்களுக்குச் சொந்த வீடுகள் இல்லையா என்றும் கடிந்துகொண்டார் (11:22). வீட்டிலே செய்துமுடித்திருக்கக்கூடியதைப் பொதுவிடத்திற்குக் கொண்டுவந்து, இல்லாதவர் முன்னிலையில் செய்து அவரை நாணச் செய்வது ஏன் என்பதே அக்கேள்வியின் பொருள். பயணத்திற் பார்க்க விரும்பும் திரைப்படத்தை வீட்டிலேயே இறக்கி வைத்திருக்கலாமே என்று நாம் அதனை இக்காலத்துக்குப் பெயர்த்துக்கொள்ளலாம்.

யார் முதலில் உண்பது என்பது சிறிய விடயந்தான். ஆனால் பவுல் அதனைச் சிறிதாகக் கருதவில்லை. ஆண்டவரின் உடலை உணர்ந்து மதிக்கின்றோமா என்ற பெருங்கேள்வியை அவர் அங்கேயே எழுப்பினார். நற்கருணையில் ஆண்டவரைக் கண்டு முழந்தாளிடும் நாம், பக்கத்து இருக்கையில் அவரது உடலின் உறுப்பாக அமர்ந்திருப்பவரைக் காணாதிருந்தால், நம் வழிபாட்டிலே ஏதோ குறைவுபடுகின்றது.

குளத்தருகே கிடந்தவன்

வைஃபையின் மற்றொரு இயல்பும் சிந்திக்கத்தக்கது. பெட்டிக்குத் தொலைவில் இருப்பதும், பழையதும், வலுக்குறைந்ததுமான தொலைபேசி தன் செய்தியைச் சொல்லி முடிக்க அதிக நேரம் எடுக்கும். அது பேசி முடிக்கும்வரை விரைவான புதிய கருவிகளும் காத்திருக்க நேர்கின்றது. இதனால் ஒரு மந்தமான கருவி முழு மண்டபத்தின் வேகத்தையுமே குறைத்துவிடலாம். அந்தப் பழைய தொலைபேசி பெரும்பாலும் யாருடைய கையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்குப் பொறியியலாளர் இருவகைத் தீர்வுகளைக் கையாள்கின்றனர். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழுள்ள இணைப்புகளை ஏற்றுக்கொள்ளாது விடுவது ஒன்று. போதிய பெட்டிகள் அருகருகே இருந்தால் அம்முறையால் எவருக்கும் கேடு இல்லை. இல்லாவிட்டால் பலவீனமானது வெளியே நிற்கும். 2019 முதல் பரவலாகிவந்த வைஃபை 6 என்ற முறை வேறொரு வழியையும் திறந்தது. ஓர் அலைவரிசையின் ஒரு நேரப் பங்கையே சிறு சிறு கூறுகளாக்கி, பல கருவிகளுக்கு ஒரே வேளையிற் பகிர்ந்தளிக்க அது இடமளிக்கின்றது. ஒரு கருவியின் உச்ச வேகத்தைக் கூட்டுவதைவிட, நெருக்கமான இடங்களில் எல்லோருக்கும் ஓரளவேனும் கிடைக்கச் செய்வதே அதன் முதன்மை நோக்கமாயிருந்தது. பகிர்ந்தளித்தால் எல்லோருக்கும் போதுமாகும் என்பதைப் பொறியியலும் கண்டுகொண்டது.

பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாக நோயுற்றுக் கிடந்த மனிதனை யோவான் நற்செய்தி (5:1-9) நமக்குக் காட்டுகின்றது. நீர் கலங்கும்போது தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்றும், தான் போவதற்குள் வேறொருவர் முந்திவிடுகின்றார் என்றும் அவன் முறையிட்டான். விரைந்தவர்க்கே நலம் என்ற ஒழுங்கிலே மெதுவானவனுக்கு இடமே கிடைக்கவில்லை. யேசு அவனை விரைந்து ஓடச் சொல்லவில்லை. மற்றவர்கள்மீது குற்றம் சுமத்தவுமில்லை. முந்த முடியாதவனிடம் தாமே வந்து நின்றார். கிறிஸ்தவ அன்பு நிற்க வேண்டிய இடமும் அதுவே.

நாம் செய்யக்கூடியவை

இறைவனுடைய இணைப்பு ஒருபோதும் மந்தமாவதில்லை, செபத்துக்குக் கடவுச்சொல் தேவையில்லை என்று மறையுரைகளிலே அடிக்கடி கேட்டிருக்கின்றோம். அது உண்மையே. ஆயினும் அதைச் சொல்லி ஆறுதலடைந்து, அருகிலிருக்கும் சகோதரியின் தேவையைக் கடந்துபோய்விட முடியாது. அவருக்குச் செபமும் வேண்டும், இணைப்பும் வேண்டும்.

பொறுப்பிலுள்ளவர்களிடம் சிலவற்றைக் கேட்க வேண்டும். பல விமான நிலையங்களில் வைஃபையினுள் நுழையக் கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாக ஓர் இரகசிய எண் அனுப்பப்படுகின்றது. வேளாங்கண்ணி யாத்திரைக்காகச் சென்னை வழியாகச் சென்றவர்கள் இதனை அறிவார்கள். ரோமிங் இல்லாதவருடைய தொலைபேசிக்கு அவ்வெண் வந்துசேராது. எவருக்கு இலவச இணையம் மிகவும் தேவையோ அவருக்கே கதவு பூட்டப்படுகின்றது. கடவுச்சீட்டைக் காட்டிய மாத்திரத்தில் இணைப்புத் தரும் ஏற்பாடு பயணிகள் கண்ணிற்படும் இடங்களிலெல்லாம் இருத்தல் வேண்டும். நெருக்கடி வேளைகளில், படங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் முன்னதாக எழுத்துச் செய்திகள் செல்ல வழிசெய்வதும் நிர்வாகத்தால் இயலக்கூடியதே.

அந்நெருக்கடி எத்தகையது என்பதை அண்மைய ஆண்டுகளிற் கண்டோம். 2024 ஏப்ரல் 16ஆம் திகதி ஐக்கிய அரபு இராச்சியத்தில், 1949இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து காணாத பெருமழை பெய்தபோது, டுபாயிலே ஆயிரக்கணக்கானோர் விமானமின்றித் தவித்தனர். 2025 ஜூன் 23ஆம் திகதி கட்டார் தன் வான்பரப்பை மூடியபோதும் டோஹா வழியாகச் செல்லவிருந்தோர் வழிநடுவே நின்றனர். அத்தகைய வேளையில் மண்டபத்திலுள்ள அனைவரும் ஒரே நொடியிலே தொலைபேசியைத் திறக்கின்றனர். வீட்டிலோ தொலைக்காட்சியைப் பார்த்தபடி ஒரு குடும்பம் பதறிக்கொண்டிருக்கின்றது. அப்போது செல்லும் ஒரு வரிச் செய்தி ஒரு வேளை உணவுக்கு நிகரானது.

திருச்சபை இதனைப் புதிதாகச் சொல்லவில்லை. சமூகத் தொடர்புக்கான பாப்பிறை மன்றம் 2002 பெப்ரவரி 22ஆம் திகதி இணையத்தின் அறநெறி பற்றி வெளியிட்ட ஏட்டிலே, பொது நலனையும் தோழமையையும் அளவுகோல்களாக முன்வைத்தது. இணைய வசதி உடையோர்க்கும் இல்லாதோர்க்கும் இடையே விழும் பிளவைக் குறித்து எச்சரித்தது. அவ்வாண்டின் உலக சமூகத் தொடர்பு நாளுக்கு பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் எடுத்துக்கொண்ட பொருளும் இணையமே. அப்பிளவு நாடுகளுக்கிடையே மட்டும் இருப்பதன்று. ஒரே மண்டபத்தின் இரு இருக்கைகளுக்கிடையேயும் அது ஓடுகின்றது.

நம் பங்குகளுக்கும் ஒரு பணி உண்டு. வெளிநாடு செல்லும் ஒருவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்து, ஆசீர் வழங்கி அனுப்பிவைப்பது நம் வழக்கம். அத்தோடு, வழியிலுள்ள நிலையத்தில் வைஃபையில் இணைவது எப்படி, வீட்டாரின் எண்களைத் தாளிலும் எழுதி வைத்திருப்பது ஏன் என்பவற்றை இளைஞர் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒருவர் அமர்ந்து சொல்லிக்கொடுத்தால், அதுவும் வழியனுப்பும் ஆசீராகும்.

தனிப்பட நாம் செய்யக்கூடியவை இன்னும் எளியவை. பொது வைஃபையில் இணையும்போது, படங்களைத் தானாகச் சேமிக்கும் வசதியையும் செயலிகள் தானாகப் புதுப்பிக்கப்படுவதையும் நிறுத்திவைக்கலாம். முகம் பார்த்துப் பேச இணைப்பு இடங்கொடாதபோது எழுத்திலே நலம் சொல்லலாம். பணம் கொடுத்து வாங்கிய டேட்டா நம்மிடம் இருந்தால், தடுமாறும் ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஹொட்ஸ்பொட் திறந்துகொடுக்கலாம். "தங்கச்சி, வீட்டுக்குச் செய்தி அனுப்பிவிட்டீர்களா?" என்று கேட்கலாம். அந்தக் கேள்வியோடு மறைந்திருந்த வரிசை மீண்டும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

இளையோருக்கு ஒரு முன்மாதிரி உண்டு. 2025 செப்டெம்பர் 7ஆம் திகதி பாப்பரசர் பதினான்காம் லியோவினால் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குத்திஸ், 2006இல் தமது 15ஆவது வயதில் இறந்தவர். கணினியில் கைதேர்ந்திருந்த அவர், நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தளம் அமைத்தார். அதே வேளை, கணினி விளையாட்டுக்கு வாரத்தில் ஒரு மணித்தியாலம் என்று தமக்குத் தாமே எல்லை வகுத்திருந்தார் என்று அவரை அறிந்தோர் கூறுகின்றனர். எல்லை வகுத்துக்கொண்டவரிடந்தான் மற்றவருக்குக் கொடுப்பதற்கு ஏதேனும் எஞ்சுகின்றது.

வீட்டிலே காத்திருப்போருக்கு

வீட்டிலிருந்து வழிபார்த்திருப்போருக்கும் ஒரு சொல். பயணம் போனவர் உடனே பேசவில்லை என்று கோபிக்கும் குடும்பங்கள் உண்டு. இறங்கி எத்தனை மணித்தியாலம், இன்னும் ஒரு சொல் இல்லையே என்று மனம் தாறுமாறாக ஓடும். இறுதியாக எத்தனை மணிக்கு வட்ஸ்அப் பார்த்தார் என்று பலமுறை திறந்து பார்ப்பதால் அவர் விரைந்து வருவதில்லை. அவருக்கு இணைப்புக் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்கள் கேள்விகளாலும் குறைகளாலும் நிரம்பிவிடாமற் பார்த்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியவற்றைப் புறப்படுமுன்னரே சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் வீட்டு வாசலிலேயே கேளுங்கள். விமான நிலையத்தின் வைஃபையை அதற்காக நம்பியிருக்க வேண்டாம்.

காத்திருக்கும் நேரம் வெறுமையானதன்று. 2012ஆம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு நாளுக்காக எழுதிய செய்தியிலே, பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் மௌனத்தையும் சொல்லையும் ஒன்றாக வைத்துப் பேசினார். மௌனமில்லாவிடில் சொல் பொருளிழக்கும் என்பது அதன் உட்கருத்து. 1920ஆம் ஆண்டில் பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் லொரேத்தோ அன்னையை விமானமோட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். நாசரேத்து வீட்டின் நினைவோடு வணங்கப்படும் அந்த அன்னையை, வீட்டை விட்டுப் பறப்போருக்குத் துணையாகத் திருச்சபை தந்திருப்பது பொருள் நிறைந்தது. பயணத்தில் இருப்பவர் மண்டபத்திலே ஒரு பத்து மணி செபமாலையும், வீட்டிலிருப்போர் அதே வேளையில் ஒரு பத்து மணியும் சொல்வதாக முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். செய்தி தாமதமாகலாம், செபத்தில் அவர்கள் ஒன்றாக இருப்பார்கள்.

அன்பார்ந்தவர்களே, விமான நிலையத்தின் இணையம் இனி ஒருநாள் விரைவாகலாம். அப்போதும் வேறெங்கோ ஒரு வரிசை மறைந்திருக்கும்: மருத்துவமனையில், நீர்க்குழாயில், நிவாரணப் பட்டியலில். ஆகவே அடுத்த முறை திரையிலே அந்தச் சிறு வட்டம் சுழலும்போது, சினம் கொள்ளுமுன் ஒரு கணம் தலைநிமிர்ந்து சுற்றிலும் பார்ப்போம். நாம் யாருக்காகக் காத்திருக்கின்றோம் என்பது அப்போது தெரியக்கூடும்.

ஆண்டவரே, குளத்தருகே கிடந்தவனைத் தேடி வந்தவரே, எங்களுக்குப் பின்னால் நிற்பவர்களைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். தொலைதூரத்தில் உழைக்கும் எம் உறவுகளைக் காத்தருளும். அவர்களுடைய குரலுக்காகக் காத்திருக்கும் இல்லங்களில் நீரே விருந்தினராய்த் தங்கியிரும். ஆமென்.